மண் குவளையில் தேநீர், கையில் பந்து: பல்வங்கர் பாலுவின் வாழ்வு

மயிலிட்டியிலிருந்து மாவிட்டபுரம் அதிக தூரமில்லை. 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே செல்ல அனுமதி கேட்டு நின்றார்கள். அதே காலப்பகுதியில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் எல்லோருக்கும் ஒரே குவளை வேண்டும் என்ற போராட்டமும் நடந்தது. ஒருவருக்குப் பித்தளைக் குவளையும் மற்றொருவருக்குப் போத்தலும் சிரட்டையும் என்றிருந்த வழக்கத்தை நேரில் கண்டவர்கள் இன்றும் எம்மிடையே வாழ்கின்றனர். 1957ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இந்நாட்டில் நிறைவேற்றப்பட்டிருந்தும், பத்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த மக்களே இறங்க வேண்டியிருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இந்தக் குவளைக் கதை எம் மண்ணுக்கு மட்டும் உரியதன்று. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னர், இந்தியாவின் பூனா நகரில் ஒரு கிரிக்கெட் மைதானத்தின் ஓரத்திலும் இதே கதை நடந்தது. அங்கே மண் குவளையில் தேநீர் குடித்தவர் தன் அணிக்கு வெற்றிகளைத் தேடித்தந்த பந்துவீச்சாளர். அவர் பெயர் பல்வங்கர் பாலு. டெஸ்ட் போட்டி ஒன்றிலேனும் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஏனெனில் இந்தியா தனது முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடிய 1932இல் அவர் ஐம்பது வயதைக் கடந்துவிட்டார். எனினும் இந்தியத் துணைக்கண்டம் தந்த முதலாவது பெரும் பந்துவீச்சாளர் அவரே என்பதில் கிரிக்கெட் வரலாற்றை எழுதியவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அவருடைய வாழ்வை இன்று நினைவுகூர்வது பொருத்தமானது என நாம் கருதுகின்றோம்.

பாலு 1870களின் நடுப்பகுதியில் தார்வாரில் பிறந்தவர். கொங்கணக் கரையிலுள்ள பல்வன் என்ற ஊரே அவருடைய குடும்பத்தின் பூர்வீகம். அதனால் அவர்கள் பல்வங்கர் எனப்பட்டனர். தோல் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்டவர்கள் என்பதால், அக்குடும்பத்தினர் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட சமூகத்தில் வைக்கப்பட்டிருந்தனர். தந்தை இராணுவத்தைச் சார்ந்த வேலையில் இருந்தமையால் குடும்பம் பூனாவில் குடியேறியது. ஆங்கிலேய அதிகாரிகள் பயன்படுத்திக் கழித்துவிட்ட மட்டையும் பந்தும் பாலுவுக்கும் அவர் தம்பி சிவராமுக்கும் முதல் விளையாட்டுப் பொருள்களாயின.

பள்ளிப் படிப்பு நீடிக்கவில்லை. வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. பூனாவில் பார்சி இனத்தவர் நடத்திய கிரிக்கெட் கழகம் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கிச் சீராக்கும் வேலை பாலுவுக்குக் கிடைத்தது. மாதச் சம்பளம் 3 ரூபா. பின்னர், 1892ஆம் ஆண்டளவில், ஐரோப்பியர்களின் பூனா கழகத்துக்கு மாறினார். அங்கே சம்பளம் 4 ரூபா. களத்தை உருட்டுவது, கோடு போடுவது, பயிற்சிக்கான வலைகளைக் கட்டுவது ஆகியவை அவருடைய கடமைகள். வெள்ளைக்கார உறுப்பினர்கள் துடுப்பாட்டப் பயிற்சி பெற விரும்பும்போது அவர்களுக்குப் பந்து வீசுவதும் அதனுடன் சேர்ந்துகொண்டது.

அக்காலத்து இந்தியாவின் சிறந்த ஐரோப்பியத் துடுப்பாட்டக்காரர்களில் ஒருவரான கிரேக் என்ற இராணுவ அதிகாரி அந்தக் கழகத்தில் ஆடிவந்தார். மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் மைதானத்துக்கு வந்து, பாலுவைப் பந்து வீசச் சொல்லிப் பயிற்சி செய்வாராம். தன்னை ஒருமுறை ஆட்டமிழக்கச் செய்தால் எட்டு அணா தருவதாக அவர் ஏற்பாடு செய்திருந்தார் என்றும் சொல்லப்படுவதுண்டு. அது எவ்வாறாயினும், ஒரு திறமையான துடுப்பாட்டக்காரரை எதிர்த்து நாள்தோறும் நூற்றுக்கணக்கான பந்துகளை வீசும் பயிற்சி அந்த இளைஞனுக்கு வாய்த்தது. ஆனால் அந்த வலைக்குள் மட்டையைப் பிடித்து ஆடுவதற்கு ஒருநாளும் அவருக்கு இடம் கொடுக்கப்படவில்லை. பந்து வீசுவது வேலைக்காரனின் பணி, துடுப்பெடுத்தாடுவது கனவான்களின் உரிமை என்ற எண்ணம் அன்று அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.

பாலு இடதுகை சுழற்பந்துவீச்சாளர். வேகத்தால் அச்சுறுத்துபவரல்லர். விரல்களால் பந்தைச் சுழற்றி, ஒவ்வொரு பந்திலும் வேகத்தையும் உயரத்தையும் சிறிதளவு மாற்றி, துடுப்பாட்டக்காரரை முன்னே இழுத்து ஏமாற்றுவது அவருடைய முறை. இரு பக்கமும் பந்தைத் திருப்பக் கூடியவர். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள் முழுவதும் வீசினாலும் பந்து விழ வேண்டிய இடத்தில் விழும். ஆடுகளத்தைத் தன் கையால் உருட்டியும் நீர் விட்டும் பழகிய ஒருவர், எந்த மண்ணில் பந்து எப்படித் திரும்பும் என்பதை நூலைப் படித்து அறிந்தவரைவிட நன்றாக அறிந்திருப்பார் என்று கருத இடமுண்டு. இங்கிலாந்தின் புகழ்பெற்ற இடதுகைப் பந்துவீச்சாளர் வில்பிரட் ரோட்சுடன் அவரை ஒப்பிட்டுப் பேசினார்கள்.

பூனாவின் இந்துக்கள் கழகம் ஐரோப்பியர்களின் கழகத்தை வெல்லத் துடித்துக்கொண்டிருந்த காலம் அது. தம் நகரிலேயே இப்படி ஒரு பந்துவீச்சாளர் இருப்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆனால் அவரைச் சேர்ப்பதா, விடுவதா என்பதில் கழகம் இரண்டுபட்டது. கூடாது என்றவர்களும் இருந்தனர். வெற்றி வேண்டுமானால் சேர்க்கத்தான் வேண்டும் என்றவர்களும் இருந்தனர். பாலுவை விட்டுவிடுவது மடமை என்று கிரேக்கும் வெளிப்படையாகக் கருத்துத் தெரிவித்தார். இறுதியில் பாலு சேர்க்கப்பட்டார்.

சேர்த்துக்கொண்ட விதமே எமது கவனத்துக்குரியது. களத்துக்குள் பந்து பாலுவின் கையிலிருந்து மற்றவர்களின் கைக்கும், அவர்களின் கையிலிருந்து பாலுவின் கைக்கும் சென்றுவந்தது. அதனால் யாருக்கும் தீட்டு ஏற்படவில்லை. ஆனால் தேநீர் இடைவேளை வந்ததும் அணியினர் கூடாரத்துக்குள் சென்று பீங்கான் கோப்பைகளில் அருந்த, பாலுவுக்கு வெளியே, குடித்தபின் எறிந்துவிடக் கூடிய மண் குவளையில் தேநீர் கொடுக்கப்பட்டது. மதிய உணவு தனி இடத்தில், தனித் தட்டில். முகம் கழுவ நீர் வேண்டுமாயின் அதே ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒரு பணியாள் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். திறமை உள்ளே போகலாம், மனிதன் வெளியே நிற்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள்.

அந்த ஏற்பாட்டை உடைத்தவை பாலு எடுத்த விக்கெட்டுகளும் அவற்றைக் கண்ட பொதுமக்களின் மனமாற்றமும்தான். சதாராவில் ஐரோப்பியர்களுக்கு எதிரான ஆட்டம் ஒன்றின்போது, பாலுவின் சுழலை மழுங்கடிப்பதற்காக ஆடுகளத்தைப் பல நாள்கள் உருட்டிக் கெட்டியாக்கினார்கள். அப்படியிருந்தும் அவர் ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார். பூனா திரும்பிய அணிக்கு நடந்த பாராட்டு விழாவில், சீர்திருத்தவாதியும் நீதிபதியுமான மகாதேவ கோவிந்த ரானடே பாலுவைப் பகிரங்கமாகக் கௌரவித்தார். சேர்ந்து விளையாட முடியுமானால் சேர்ந்து உண்ணவும் முடியும் என்ற எண்ணம் அந்நகரின் படித்த வட்டாரங்களில் மெல்லப் பரவத் தொடங்கியது.

1896ஆம் ஆண்டின் கொள்ளைநோயை அடுத்து பாலு பம்பாய்க்கு இடம்பெயர்ந்தார். அங்கே இந்து ஜிம்கானா அணிக்காக ஆடினார். இரயில்வே நிறுவனம் ஒன்று வேலை கொடுத்துத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. 1906 பெப்ரவரியில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியர்களும் மோதிய ஆட்டம் அவருடைய வாழ்வில் ஒரு மைல்கல். இந்து அணி 242, ஐரோப்பியர்கள் 191. இரண்டாவது இன்னிங்சில் இந்து அணி 160, ஐரோப்பியர்கள் 102. இந்து அணி 109 ஓட்டங்களால் வென்றது. பாலு மொத்தம் எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். சிவராமும் அந்த அணியில் இருந்தார். ஆட்சியாளர்களை அவர்களுடைய விளையாட்டிலேயே, அவர்களுடைய கண்முன்னே தோற்கடித்த அந்த வெற்றியை நகரமே கொண்டாடியது. ஒடுக்கப்பட்ட சகோதரர்கள் இருவர் இல்லாமல் அந்த வெற்றி இல்லை என்பதை எவராலும் மறுக்க முடியவில்லை. பம்பாயில் ஏனைய ஆட்டக்காரர்களுடன் ஒரே இடத்தில் அமர்ந்து உண்ணும் நிலையும் அச்சகோதரர்களுக்கு ஏற்பட்டது.

1911இல் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்கின் தலைமையில் அகில இந்திய அணி ஒன்று இங்கிலாந்து சென்றது. இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், சீக்கியர் ஆகியோர் ஒரே அணியில் இடம்பெற்ற முதலாவது பயணம் அது. அணித்தலைவரான மகாராஜா ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாக் கொண்டாட்டங்களில் மூழ்கிவிட்டார். அணி தோல்விமேல் தோல்வி கண்டது. பாலுவோ தோள்பட்டை வலியையும் பொறுத்துக்கொண்டு, பழக்கமில்லாத குளிரிலும் ஈரமான புல்தரையிலும் வீசினார். பயணத்தின் எல்லா ஆட்டங்களிலுமாக அவர் 114 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். ஒரு விக்கெட்டுக்குச் சராசரியாக அவர் கொடுத்தவை 19 ஓட்டங்களுக்கும் குறைவு. லெஸ்டர்ஷையர், சமர்செட் அணிகளை இந்திய அணி வென்றபோது அவ்வெற்றிகளில் பல்வங்கர் சகோதரர்களின் பங்கு பெரிதாக இருந்தது. சமர்செட்டுக்கு எதிராகச் சிவராம் ஆட்டமிழக்காது சதம் அடித்தார். இங்கிலாந்திலேயே தங்கித் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேரும்படி பாலுவுக்கு அழைப்புகள் வந்ததாகவும் கூறப்படுகின்றது. ஆனால் அவர் நாடு திரும்பினார்.

திரும்பியவரைப் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் விழா எடுத்து வரவேற்றனர். அவ்விழாவில் பாலுவுக்கு அளிக்கப்பட்ட வரவேற்பு மடலை எழுதியவர் அப்போது கல்லூரி மாணவராக இருந்த பீமராவ் அம்பேத்கர். இந்திய அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவராகப் பின்னாளில் உயர்ந்த அம்பேத்கர், இளமையில் பாலுவைத் தன் சமூகத்தின் நாயகனாகக் கண்டார். அவர்கள் இருவரின் உறவு பிற்காலத்தில் எப்படி முடிந்தது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

பம்பாயில் அப்போது நடந்துவந்த போட்டித்தொடர் சமயத்தின் அடிப்படையில் அமைந்தது. ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள் என்று மூன்று அணிகளாக இருந்தது, 1912இல் முஸ்லிம் அணி சேர்ந்ததும் நாற்கோணப் போட்டியாயிற்று. 1924இல் முஸ்லிம் அணி முதன்முறையாக அதை வென்றது. 1937இல் ஏனையோர் என்ற ஐந்தாவது அணியும் சேர்ந்தது. இந்தப் போட்டிகளுக்குப் பெருந்திரளாக மக்கள் கூடினர், சிறந்த ஆட்டக்காரர்கள் உருவாயினர் என்பன உண்மையே. ஆனால் மைதானத்தைச் சமயத்தின் பெயரால் பங்கிட்டுக்கொண்ட அந்த ஏற்பாடு நாளடைவில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1940இல் காந்தியடிகள் அதற்கு எதிராகக் கருத்துரைத்தார். 1946உடன் அது முடிவுக்கு வந்தது. பாலுவின் கதை இன்னொன்றையும் காட்டுகின்றது. ஒரு சமயத்தின் பெயரால் ஒன்றுதிரண்ட அணிக்குள்ளேயே ஒருவருக்குப் பீங்கான் கோப்பையும் மற்றவருக்கு மண் குவளையும் இருந்தன. வெளியே ஒற்றுமையைக் காட்டும் எந்தச் சமூகமும் தன் வீட்டுக்குள் இருக்கும் வேற்றுமையைப் பற்றிக் கேள்வி கேட்கத் தயங்கலாகாது.

அந்தக் கேள்வி அணித்தலைமை விடயத்தில் எழுந்தது. 1911க்குப் பின்னர் இந்து அணியில் பாலுவைவிட அனுபவமும் சாதனையும் உள்ளவர் எவருமில்லை. ஆண்டுதோறும் அவர் பெயர் பேசப்பட்டது. ஆண்டுதோறும் உயர்சாதியைச் சேர்ந்த ஒருவரே தலைவரானார். 1913இல் தலைவராகத் தெரிவுசெய்யப்பட்ட பை என்பவர், இந்தப் பெருமை உண்மையில் பாலுவுக்கே உரியது என்று பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டவர்கள் இருந்தனர். பதவியைக் கொடுப்பதற்குத்தான் எவரும் இல்லை.

1920இல் நிலைமை வெடித்தது. வயதைக் காரணம் காட்டிப் பாலு முதலில் அணியிலிருந்து விலக்கப்பட்டார். பை உடல்நலக் குறைவால் ஆட முடியாதிருந்தார். அப்போது சிறந்த துடுப்பாட்டக்காரராக விளங்கிய பாலுவின் தம்பி விட்டலுக்குத் தலைமை கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அவரைத் தாண்டி வேறொருவர் நியமிக்கப்பட்டார். சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகினர். சாதியின் பெயரால் தாம் ஒதுக்கப்படுவதைப் பகிரங்க அறிக்கையில் வெளிப்படுத்தினர். காந்தியடிகள் தீண்டாமைக்கு எதிராகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த வேளை அது. பொதுமக்களின் ஆதரவு சகோதரர்களின் பக்கம் திரும்பியது. இறுதியில் பை தலைவராகத் திரும்பினார், பாலு உபதலைவரானார், தம்பியரும் அணிக்கு வந்தனர். ஆட்டத்தின் இடையில் பை களத்தை விட்டு வெளியேற, அச்சிறிது நேரம் பாலு அணியை வழிநடத்தினார். வாழ்நாள் முழுவதும் உழைத்தவருக்குக் கிடைத்த தலைமை அவ்வளவே. அதன் பின்னர் அவர் ஓய்வுபெற்றார். முதல்தரப் போட்டிகள் 33இல் 179 விக்கெட்டுகள், சராசரி 15.21 என்பது அவர் விட்டுச்சென்ற கணக்கு.

அவர் கேட்டது அவர் தம்பிக்குக் கிடைத்தது. 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அணி அவ்வாண்டு ஐரோப்பியர்களை வென்றது. வென்ற தலைவரை உயர்சாதி ஆதரவாளர்கள் தம் தோள்களில் தூக்கிச் சென்றனர். மண் குவளையிலிருந்து அந்தத் தோள்வரை வந்து சேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன.

விளையாட்டை விட்ட பாலு பொதுவாழ்வில் இறங்கினார். 1932இல் ஒடுக்கப்பட்டோருக்குத் தனித் தொகுதிகள் வேண்டுமா, கூட்டுத் தொகுதிகளில் ஒதுக்கீடு வேண்டுமா என்ற பெரும் வாதம் எழுந்தது. அம்பேத்கர் தனித் தொகுதிகளை வலியுறுத்தினார். பாலுவோ தமிழகத்தின் ஒடுக்கப்பட்டோர் தலைவரான எம்.சி. ராஜாவுடன் சேர்ந்து கூட்டுத் தொகுதிகளை ஆதரித்தார். காந்தியடிகளின் உண்ணாவிரதத்தை அடுத்து 1932 செப்டெம்பர் 24இல் ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் பாலுவும் ஒருவர். 1937இல் பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் கட்சி அவரையே அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். ஒரு காலத்தில் தனக்கு வரவேற்பு மடல் எழுதிய மாணவரிடம் அந்த நாயகன் தோற்றார்.

இந்த அத்தியாயத்தை வைத்துப் பாலுவைக் குறைத்து மதிப்பிடுவோர் உண்டு. பெரிய கட்சி ஒன்று தன் தேவைக்கு அவரைப் பயன்படுத்திக்கொண்டது என்ற விமர்சனத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் உயர்சாதியினரின் மனம் மாறுவதைத் தன் கண்ணால் கண்ட ஒருவர், அந்த மாற்றத்தில் நம்பிக்கை வைத்தது வியப்பன்று. அந்த மாற்றம் போதாது, சட்டமும் அதிகாரமும் வேண்டும் என்று அம்பேத்கர் கண்டார். வரலாறு பெருமளவுக்கு அம்பேத்கரின் பக்கமே நின்றது. எனினும் இருவரும் ஒரே காயத்துக்கு வெவ்வேறு மருந்தைத் தேடியவர்கள் என்பதே எமது எண்ணம். பாலு 1955 ஜூலை 4ஆம் திகதி பம்பாயில் காலமானார்.

இதையெல்லாம் இன்று நாம் ஏன் பேச வேண்டும்? 1990இல் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் தம் வீடுவாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் மக்களிடம் திரும்பியது. இழந்த மண்ணுக்குத் திரும்புவோர் வீட்டையும் படகையும் கோயிலையும் பள்ளிவாசலையும் மீண்டும் கட்டுகின்றனர். பாடசாலை மைதானங்களையும் விளையாட்டுக் கழகங்களையும் மீண்டும் அமைக்கின்றனர். அவ்வாறு அமைக்கும்போது பழைய பிரிவினைகளையும் சேர்த்து மீண்டும் அமைத்துவிடக் கூடாது என்பதே எமது கவலை.

இன்று எவரும் மண் குவளையை வெளியே வைப்பதில்லை. ஆனால் அணியில் ஆடலாம், கழகத்தின் நிர்வாகத்தில் இடமில்லை என்ற நிலை உண்டா? பந்து வீசலாம், தலைமை ஏற்க முடியாது என்ற எழுதாத விதி எங்கேனும் உண்டா? ஊரின் பெயரையும் தெருவின் பெயரையும் கேட்டுவிட்டு ஒரு பிள்ளையின் இடத்தைத் தீர்மானிக்கும் வழக்கம் முற்றாக ஒழிந்துவிட்டதா? தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே அணியில் ஆடும் மைதானங்கள் எத்தனை? இவற்றுக்கு ஒவ்வொரு கழகமும், ஒவ்வொரு பாடசாலையும், ஆலயங்களையும் பள்ளிவாசல்களையும் பரிபாலிப்போரும் தத்தம் மனச்சாட்சியிடம் விடை கேட்க வேண்டும்.

பாலுவின் திறமையை அவருடைய காலத்தவர் அறியாமல் இருக்கவில்லை. அறிந்துகொண்டே அதன் பயனை எடுத்தார்கள், அதற்குரிய இடத்தை மட்டும் மறுத்தார்கள். எம் மண்ணில் இன்று பந்தைக் கையில் எடுக்கும் எந்தப் பிள்ளைக்கும் அந்த நிலை நேரலாகாது. அதனை உறுதிப்படுத்தும் பொறுப்பு பெரியவர்களாகிய எமக்கே உரியது.